தண்ணீர் எங்கே வீணாகிறது? குடிநீர் வாரியத்தின் பக்கமிருந்து ஒரு பார்வை

கோடை வந்துவிட்டால் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள். நல்ல அறிவுரை, நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் தண்ணீர்ச் சேமிப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்தக் குழாயடியிலேயே நின்றுவிடுகிறது. அந்தத் தண்ணீர் குழாய்க்கு வரும் வழியில் எவ்வளவு போயிற்று, நாம் பயன்படுத்திச் சாக்கடையில் விட்டபிறகு அது என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு குடிநீர் வாரியம் பெரிய அளவில் மிச்சம் பிடிப்பதும் கோட்டை விடுவதும் அந்த இரண்டு இடங்களில்தான். அதைப் புரிந்துகொள்ள பொறியியல் படித்திருக்க வேண்டாம். வீட்டு மோட்டாரையும் மாட்டுச் சாண எரிவாயுவையும் பார்த்திருந்தால் போதும்.

## ஒரு குடம் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய், மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்திருப்பீர்கள். "தண்ணி போகுது" என்று கத்திக்கொண்டு ஓடுகிறோம். கூடவே கரண்டும் போகிறது. கீழே சம்ப்பில் இருந்த தண்ணீரும் மேலே ஏறிய தண்ணீரும் ஒன்றில்லை. ஏறிய தண்ணீருக்குள் நாம் கட்டப்போகும் மின் கட்டணம் இருக்கிறது.

நகர அளவில் இது பல மடங்காகிறது. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு வரும் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 முதல் வந்துகொண்டிருக்கிறது. ஏரியிலிருந்து பம்பு செய்து, வடக்குத்து என்ற இடத்தில் சுத்திகரித்து, மறுபடியும் பம்பு செய்து மேடேற்றி, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓட்டி போரூருக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கிருந்து நகரத்துக்குள் விநியோகம். இவ்வளவு தூரம் வந்த ஒரு குடம் உங்கள் தெருமுனையில் மண்ணுக்குள் கசிந்துபோனால், அதற்குச் செலவான மின்சாரமும் படிகாரமும் குளோரினும் ஆட்களின் உழைப்பும் அதோடு போய்விட்டன.

ஆகவே குடிநீர் வாரியத்துக்குத் தண்ணீரை மிச்சம் பிடிப்பதும் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதும் ஒரே வேலை. இனி வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

## வருவாயில்லா நீர்: தவறாகவே பேசப்படும் ஒரு கணக்கு

"நம்ம ஊர்ல நாற்பது சதவீதத் தண்ணி லீக்காகுதாம்" என்பது மாதிரிப் பேச்சு டீக்கடையிலும் கேட்கும், டிவி விவாதத்திலும் கேட்கும். பெரும்பாலும் அந்த எண் கசிவைக் குறிப்பதில்லை. அது குறிப்பது வருவாயில்லா நீரை. அதாவது, வாரியம் குழாயில் விட்ட தண்ணீரிலிருந்து, பில் போட்ட தண்ணீரைக் கழித்தால் மிஞ்சுவது.

ஒரு பால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் 100 லிட்டர் பாலோடு கிளம்புகிறார். மாலையில் கணக்குப் பார்த்தால் 60 லிட்டருக்குத்தான் காசு வந்திருக்கிறது. மீதி 40 லிட்டரும் சிந்திப்போனதா? கொஞ்சம் சிந்தியிருக்கும். கொஞ்சம் அவர் பார்க்காத நேரத்தில் யாரோ எடுத்திருப்பார்கள். அவர் அளந்து ஊற்றும் படியே சற்றுப் பெரிதாக இருந்து, ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கும். கோயில் அபிஷேகத்துக்கு அவரே இரண்டு லிட்டர் கொடுத்திருப்பார்.

தண்ணீரிலும் அப்படியே. குழாய்க் கசிவு, கள்ள இணைப்பு, பழசாகிப்போய் மெதுவாகச் சுற்றும் மீட்டர், தெருக்குழாய்க்கும் தீயணைப்புக்கும் போகும் இலவசத் தண்ணீர் எல்லாம் சேர்ந்ததுதான் வருவாயில்லா நீர். இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் மருந்து வேறு வேறு. கசிவை அடைத்தால் தண்ணீரும் மின்சாரமும் உண்மையாகவே மிச்சமாகும். மீட்டரை மாற்றினால் வாரியத்துக்குக் காசு வரும், ஆனால் ஏரியில் ஒரு சொட்டும் மிஞ்சாது. அந்தத் தண்ணீரை ஏற்கெனவே யாரோ பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். கள்ள இணைப்பு இரண்டுக்கும் நடுவில். காசு கொடுக்காத தண்ணீரை யாரும் சிக்கனமாகச் செலவழிப்பதில்லை, அதனால் இணைப்பை முறைப்படுத்தினால் பயன்பாடும் கொஞ்சம் குறையும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பல வீடுகளில் மீட்டரே இல்லாத ஊரில் இந்தக் கணக்கு பாதி ஊகம்தான். அளக்காத ஒன்றில் எவ்வளவு போயிற்று என்று எப்படிச் சொல்ல முடியும்?

## பெரிய உடைப்பை விடச் சின்ன ஓட்டை மோசம்

நம்புவதற்குக் கொஞ்சம் கஷ்டம்தான். சாலை நடுவே குழாய் உடைந்து ஆளுயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சினால் அது செய்தியாகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரிய உடைப்பு ஒன்றில் நொடிக்கு 10 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரே பார்க்கிறது, போன் பறக்கிறது, மூன்று மணி நேரத்தில் வால்வை மூடிவிடுகிறார்கள். போனது சுமார் 1 லட்சத்து 8 ஆயிரம் லிட்டர்.

இப்போது மண்ணுக்கடியில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று. பேனா ரீஃபில் நுழையும் அளவு. குழாயில் 20 மீட்டர் அழுத்தம் இருக்கிறது, அதாவது தண்ணீரை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக்கூடிய தள்ளுவிசை. அந்த ஓட்டை வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,000 லிட்டர் போகும். மேலே ஈரம் தெரியாது, மண் குடித்துவிடும், அல்லது பக்கத்துச் சாக்கடைக்குள் இறங்கிவிடும். யாருக்கும் தெரியாமல் ஆறு மாதம் ஓடினால் 12 லட்சம் லிட்டரைத் தாண்டிவிடும். செய்தியில் வந்த உடைப்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்!

ஓட்டை எவ்வளவு பெரிது என்பதோடு, எவ்வளவு காலம் ஓடியது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கசிவு நடப்பது தெரியவேண்டும், இடம் பிடிபடவேண்டும், ஆள் வந்து அடைக்கவேண்டும். இந்த மூன்றில் எங்கே தாமதமானாலும் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

## இரவு இரண்டரை மணிக்கு ஒரு கம்பியும் ஒரு காதும்

சரி, மண்ணுக்கடியில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஊரைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தண்ணீர் உள்ளே போகும் வழி ஒன்றோ இரண்டோதான், அங்கே ஒரு பெரிய மீட்டர். இதை அளவீட்டு மண்டலம் என்பார்கள். அப்புறம் அந்த மீட்டரை இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே கவனிக்கிறார்கள். எல்லோரும் தூங்கும் நேரம். யாராவது எழுந்து பாத்ரூம் போவார்கள், அவ்வளவுதான். அந்த நேரத்திலும் மீட்டர் வேகமாக ஓடினால், உள்ளே எங்கேயோ ஓட்டை. இருபத்துநான்கு மணி நேரமும் அழுத்தம் இருக்கும் ஊரில்தான் இந்த உத்தி நன்றாக எடுபடும் என்பதை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

எந்த மண்டலம் என்று தெரிந்தபிறகு, எந்த இடம் என்று பார்க்கவேண்டும். சில வருடங்களுக்கு முன் நாங்கள் குடியிருந்த தெருவில் இதை நேரில் பார்த்தேன். இரவு இரண்டரை மணி. நடுத்தர வயதுக்காரர் ஒருவர், ஐந்தடி நீள இரும்புக் கம்பியை வால்வின் மேல் ஊன்றி, அதன் மேல்முனையில் இருந்த சின்னக் கிண்ணத்தில் காதை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். பக்கத்தில் போய், "என்னண்ணே கேக்குது?" என்றேன். கையை உயர்த்திப் பேசாமல் இருக்கச் சொன்னார். ஒரு நிமிஷம் கழித்து, "நீங்களே கேளுங்க தம்பி" என்று கம்பியைக் கொடுத்தார். காதை வைத்தேன். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அப்படி ஒரு சத்தம், விடாமல். அடுத்த வால்வுக்குப் போனோம், சத்தம் குறைந்தது. அதற்கடுத்த வால்வில் இல்லவே இல்லை. "அப்ப முதல் வால்வுக்குக் கிட்டத்தான்" என்று சாக்பீஸால் சாலையில் ஒரு வட்டம் போட்டார். மறுநாள் தோண்டிப் பார்த்தபோது, வட்டத்திலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, வீட்டு இணைப்பு பிரியும் இடத்தில் நீர் ஊறிக்கொண்டிருந்தது. இப்போது மைக் வைத்த மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. கேட்கும் சத்தம் அதேதான்.

அழுத்தத்தைக் குறைப்பது இன்னொரு வழி. ராத்திரியில் யாரும் தண்ணீர் பிடிக்காததால் குழாயில் அழுத்தம் ஏறும், கசிவும் ஏறும். அந்த நேரத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் தானியங்கி வால்வு ஒன்றை வைத்தால், ஓட்டை அப்படியே இருந்தாலும் கசிவு குறையும். மேலே சொன்ன ஓட்டையில் அழுத்தத்தைப் பாதியாக்கினால் கசிவு 30 சதவீதம்போலக் குறைந்துவிடும். குழாய் புதிதாக உடைவதும் குறைகிறது.

இதுவரை பார்த்தது: வருவாயில்லா நீரில் ஒரு பகுதிதான் கசிவு. கசிவில் நேரம்தான் எதிரி. அதைப் பிடிக்க மண்டல மீட்டரும், அமைதியான இரவும், பழகிய காதும் வேண்டும்.

## புனோம் பென் செய்துகாட்டியது

ஏழை நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் ஊர் கம்போடியாவின் தலைநகர் புனோம் பென். போரிலும் கொலைகளிலும் சிதைந்துபோயிருந்த ஊர். 1993-இல் ஏக் சொன் சான் என்ற பொறியாளர் அங்கே குடிநீர் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தபோது, வருவாயில்லா நீர் 72 சதவீதம். குழாயில் விட்ட 100 லிட்டரில் 28 லிட்டருக்குத்தான் பில். நாளில் பத்து மணி நேரம் போலத்தான் தண்ணீர்.

அவர் மாயம் எதுவும் செய்யவில்லை. யார் யாருக்கு இணைப்பு இருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். பழைய குழாய்களை மாற்றினார். கள்ள இணைப்பைக் காட்டிக்கொடுப்பவர்களுக்குப் பரிசு, வேலையை ஒழுங்காகச் செய்யும் ஊழியருக்கு ஊக்கத்தொகை. பெரிய மனிதர்கள் வீட்டுக்கும் மீட்டர் என்றபோது எதிர்ப்பு வந்தது, படைத்தளபதி ஒருவர் துப்பாக்கியையே நீட்டியிருக்கிறார். ஏக் சொன் சான் பின்வாங்கவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வருவாயில்லா நீர் சுமார் 6 சதவீதத்துக்கு இறங்கியது, ஊருக்கு நாள் முழுக்கத் தண்ணீர் வந்தது. 2006-இல் அவருக்கு ராமன் மகசேசே விருது கிடைத்தது. பணக்கார நகரமான லண்டனில் குடிநீர் நிறுவனம் கசிவிலேயே கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கை இழந்துவந்திருக்கிறது என்பதோடு இதை வைத்துப் பார்த்தால்தான் அந்த வேலையின் அருமை தெரியும்.

## "மணிக்கணக்கில் விட்டால் மிச்சமாகும்" என்ற நம்பிக்கை

நாளில் இரண்டு மணி நேரம், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தண்ணீர் விடுவது சிக்கனம் போலத் தோன்றும். பஞ்ச காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் அதையே நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொண்டால் வீண்செலவு கூடும்.

வீட்டிலேயே பாருங்கள். புதுத் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால், குடத்தில் இருக்கும் நேற்றைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிடிக்கிறோம். தண்ணீர் வருவது தெரியவேண்டும் என்று குழாயைத் திறந்தே வைக்கிறோம். மண்ணுக்கடியில் நடப்பது இன்னும் மோசம். தினமும் குழாய் காலியாகி மறுபடி நிரம்பும்போது உள்ளே அடைபட்ட காற்றும் தண்ணீரும் மோதி இணைப்புகளை ஆட்டுகின்றன, புதுக் கசிவுகள் பிறக்கின்றன. குழாய் காலியாக இருக்கும் நேரத்தில், எந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போனதோ அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் முதல் பத்து நிமிஷம் கலங்கலாக, நாற்றத்தோடு வரும் தண்ணீருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதை யாரும் பிடிப்பதில்லை, திறந்து ஓடவிடுகிறோம். இரவு நேர மீட்டர் சோதனையும் இங்கே எடுபடாது, இரவில் குழாயில் தண்ணீரே இல்லையே.

## பம்பு அறையில்

இது சுருக்கமாக. ஒரு பம்பு தேவைக்கு மேல் தள்ளினால், பல இடங்களில் வால்வைப் பாதி மூடி ஓட்டத்தைக் குறைப்பார்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கிக்கொண்டே பிரேக்கையும் பிடித்து வண்டி ஓட்டுவது மாதிரி. வால்வைத் தொடாமல் மோட்டாரின் வேகத்தையே குறைத்தால், குழாய் உராய்வை எதிர்த்து ஓட்டும் வேலையில் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். உயரத்துக்கு ஏற்றும் வேலை அதிகமுள்ள இடத்தில் இவ்வளவு கிடைக்காது.

சுத்திகரிப்பு நிலையத்திலும் ஒரு சேமிப்பு உண்டு. மணல் வடிகட்டிகளில் அழுக்கு அடைத்துக்கொண்டால், நல்ல தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பாய்ச்சிக் கழுவுவார்கள். கழுவிய தண்ணீரை ஓடையில் விடாமல், தொட்டியில் தெளியவைத்து மறுபடி முதல் படிக்கே அனுப்பலாம். அரிசி களைந்த தண்ணீரை மாட்டுக்கு எடுத்துவைக்கும் அதே புத்திதான்.

## சாக்கடையிலிருந்து மின்சாரம்

வீட்டிலிருந்து தண்ணீர் வெளியே போன பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் ஒரு குழம்பு தங்கும், அதன் பெயர் கசடு. நாம் சாப்பிட்டு மிஞ்சிய சக்தி அதில் இருக்கிறது. கிராமத்தில் சாண எரிவாயுக் கலன் பார்த்திருப்பீர்கள். சாணத்தைக் கரைத்து மூடிய தொட்டியில் விட்டால், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரியும் வாயுவை வெளிவிடும். அதே வேலையைப் பெரிய அளவில் செய்யும் மூடிய தொட்டிக்குச் செரிப்பான் என்று பெயர். மாடு செய்வதும் அதுதான், செரிப்பானும் ஒரு வயிறுதான். வெளிவரும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். அதிலுள்ள அழுகிய முட்டை நாற்றம் கொண்ட கந்தக வாயு இன்ஜினை அரித்துவிடும், அதனால் முதலில் அதை நீக்குகிறார்கள். அப்புறம் வாயு இன்ஜினில் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் 2005-06 வாக்கில் வந்த சுத்திகரிப்பு நிலையங்களில் இந்த இன்ஜின்கள் இருக்கின்றன. சாக்கடையைச் சுத்திகரிப்பதில் பெரும் மின்செலவு, நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதுவது. அந்தக் காற்றை ஊதும் மின்சாரத்தில் நல்லதொரு பங்கு அந்தச் சாக்கடையிலிருந்தே வருகிறது. வாயுவை அப்படியே காற்றில் விட்டிருந்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கியிருக்கும். செரித்து மிஞ்சும் கசடு அளவிலும் குறைகிறது, நாற்றமும் குறைகிறது, லாரியில் ஏற்றிப் போகும் நடையும் குறைகிறது.

## கழிவுநீர் ஆலைகளுக்கு, நல்ல நீர் வீடுகளுக்கு

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்ததும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் இரண்டு ஆலைகள் செயல்பாட்டுக்கு வந்தன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டது. வழக்கமான சுத்திகரிப்பு முடிந்த கழிவுநீரை மேலும் வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல் வழியாகச் செலுத்துகிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் வீட்டு ஆர்.ஓ. கருவிக்குள் நடப்பதுதான்: உப்பையும் அழுக்கையும் விடாத மெல்லிய சவ்வு ஒன்றின் வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளுவது. இப்படி மேற்கொண்டு செய்யும் சுத்திகரிப்புக்கு மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு என்று பெயர்.

"சாக்கடைத் தண்ணியை நமக்கே குடிக்கக் கொடுக்கப் போறாங்க" என்ற வதந்தி இதைச் சுற்றித்தான் கிளம்பியது. இந்தத் தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வருவதில்லை. கொடுங்கையூரிலிருந்து மணலித் தொழிற்சாலைகளுக்கும், கோயம்பேட்டிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது. குடிப்பதே தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரில் கலந்து குடித்துவருகிறது. சிங்கப்பூர் 2003 முதல் இதே முறையில் 'நியூவாட்டர்' தயாரித்து, பெரும்பகுதியைத் தொழிற்சாலைகளுக்கும் கொஞ்சத்தை நீர்த்தேக்கங்களுக்கும் அனுப்புகிறது.

இரண்டு சென்னை ஆலைகளும் முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 9 கோடி லிட்டர். ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தால் 9 லட்சம் பேருக்கான நல்ல தண்ணீர் தொழிற்சாலைக்குப் போகாமல் மிஞ்சுகிறது. செலவையும் பாருங்கள். கடல்நீரைக் குடிநீராக்க 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். கழிவுநீரில் உப்பு மிகக் குறைவு, சவ்வின் வழியே தள்ளுவது எளிது, அதனால் சிங்கப்பூரில் சுமார் 1 யூனிட்டிலேயே முடித்துவிடுகிறார்கள். ஒரு குறையையும் சொல்லவேண்டும்: சவ்வு ஒதுக்கும் அழுக்கும் உப்பும் சேர்ந்த நீர் கணிசமாக மிஞ்சும், அதை எங்கேயாவது விட்டாக வேண்டும்.

மணலிக்கு இது புதிதுமில்லை. அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-களிலிருந்தே வாரியத்திடம் கழிவுநீரை வாங்கித் தாங்களே சுத்திகரித்துப் பயன்படுத்திவந்தன. ஆலைகளில் பெருமளவு தண்ணீர் குளிர்விக்கும் கோபுரங்களுக்குப் போகிறது. அங்கே அது ஆவியாகிவிடும், திரும்பி வராது. அதற்கும் முன்னால் மணலி ஆலைகளுக்கான தண்ணீர் மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து போனது. பாசனமும் ஆலைகளுமாகச் சேர்ந்து இறைக்க இறைக்க, நிலத்தடி நீர் தாழ்ந்து, கடல்நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே புகுந்தது. நெல் விளைந்த நிலத்துக் கிணறுகள் உப்புக் கரித்தன. அந்த மீஞ்சூருக்குப் பக்கத்தில், காட்டுப்பள்ளிக் கடற்கரையில்தான் 2010-இல் சென்னையின் முதல் கடல்நீர்க் குடிநீர் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். ஒவ்வோர் ஆயிரம் லிட்டருக்கும் அந்த மூன்று நான்கு யூனிட்டைச் செலவழித்துத்தான் அங்கே உப்பைப் பிரிக்க வேண்டும்.